ஆகஸ்ட் முதல் தேதியில் எத்தனை பேர்?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்களில் இருந்து, அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மாணவர் கணக்கைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பல கேள்விகள் ஒன்றுபோலவே இருந்ததால் அவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 64 பிள்ளைகள் என்று ஜூனில் சொன்னார்கள். செப்டம்பர் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் 59 என்றார்கள். இணையத்தில் பார்த்தால் 66 என்று இருக்கிறது. யார் சொல்வது பொய்? (வாசகர், திருப்பாலைக்குடி)

யாருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். மூன்றும் மூன்று தேதிகளின் கணக்கு.

ஜூன் கணக்கில் போன வருஷத்துப் பெயர்கள் அப்படியே மேல் வகுப்புக்கு ஏறியிருக்கும். கோடை விடுமுறையில் டி.சி. வாங்காமல் வேறு பள்ளிக்குப் போன பிள்ளையின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்க எடுத்துக்கொள்வது ஆகஸ்ட் 1 நிலவரம். மத்திய அரசின் யுடைஸ் எனப்படும் பள்ளித் தகவல் தொகுப்புக்கு வழக்கமான அடிப்படைத் தேதி செப்டம்பர் 30. இணையத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் முந்தைய கல்வி ஆண்டின் பள்ளி அறிக்கை அட்டையாக இருக்கும். அதன் தலைப்பில் ஆண்டு இருக்கும், அதை முதலில் பாருங்கள்.

இந்தக் கணக்குகளில் உங்கள் ஊருக்கு நேரடியாக வலிக்கும் எண் ஆகஸ்ட் 1 உடையதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பிள்ளைகள் 150-ஐத் தாண்டினால்தான் தலைமை ஆசிரியர் தனி. அதற்குக் கீழே அவரும் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். ஆக 60-க்கும் 61-க்கும் நடுவில் ஒரு ஆசிரியர் நிற்கிறார். எண்ணிக்கை 59 ஆனால் மூன்றாவது ஆசிரியர் உபரி. பணி நிரவலில் அவரை வேறு ஒன்றியத்துக்கு மாற்றிவிடலாம்.

ஆகவே ஜூலை இரண்டாம் வாரத்தில் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து மூன்று பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்லது: சேர்க்கைப் பதிவேடு, வகுப்புவாரி வருகைப் பதிவேடு, மாநில அரசின் எமிஸ் தளத்தின் மாணவர் பட்டியல். கணக்கு இடிக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

கையால் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய முதல் வகுப்புப் பிள்ளை எமிஸில் ஏறியிருக்காது. பெற்றோரின் கைபேசி எண்ணைச் சரிபார்க்க ஓ.டி.பி. அனுப்பும்போது, தகப்பனார் எண்ணைக் கொடுத்திருந்தால் அவர் அன்றைக்குக் கடலில் இருப்பார். சேர்க்கையின்போதே அம்மாவின் எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது, ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எமிஸில் விடுவிக்காமல் வைத்திருப்பது. நடுநிலைப் பள்ளி அவர்களைச் சேர்க்க முடியாமல் தவிக்கும், உங்கள் பள்ளியில் வெறும் பெயர் இருக்கும். மூன்றாவது, தனியார் பள்ளியில் இருந்து வந்த பிள்ளை. பழைய பள்ளி அதைக் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காதவரை உங்கள் பள்ளியால் இழுக்க முடியாது. கட்டண பாக்கிக்காகப் பழைய பள்ளி இழுத்தடித்தால், வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பழைய பள்ளியின் பெயர் எழுதி ஒரு மனு போதும். அதையும் ஜூலைக்குள் கொடுக்க வேண்டும்.

சத்துணவுப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். அது வருகைக் கணக்கு, சேர்க்கைக் கணக்கு அல்ல. ஆனால் பட்டியலில் 64 இருந்து, ஒரு மாதம் முழுக்கச் சாப்பிட்டவர் ஒருநாள்கூட 50-ஐத் தாண்டவில்லை என்றால் பட்டியலில் காற்று இருக்கிறது என்று பொருள். வராத பிள்ளையின் பெயரை வைத்து ஆசிரியரைக் காப்பாற்றலாம் என்று சில ஊர்களில் ஒரு கருணை நடக்கிறது. ஆய்வின்போது பெயர்கள் மொத்தமாக நீங்கும், சரிவு ஒரே வருஷத்தில் தெரியும், பள்ளியின் பெயரும் கெடும்.

கேள்வி: 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்றால் 5 வகுப்பை எப்படி நடத்துவது? (ஆசிரியப் பயிற்சி மாணவி, தேவிபட்டினம்)

பல்வகுப்புக் கற்பித்தல்தான். 1 முதல் 3 வரை ஒருவர், 4-ம் 5-ம் இன்னொருவர் என்று பிரிப்பது வழக்கம். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பதால் இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவர் 60 பேரையும் மேய்க்க வேண்டும். சட்டம் சொல்வது குறைந்தபட்சம், போதுமான அளவு அல்ல.

கேள்வி: என் மகளுக்குப் பள்ளியில் எடுத்துக் கொடுத்த விவரத்தில் ‘பி.சி.எம்.’ என்று இருக்கிறது. யுடைஸ் அறிக்கையில் எங்கள் பள்ளிக்கு அப்படி ஒரு பிரிவே இல்லை, ஓ.பி.சி. என்று ஒரு பெரிய எண் மட்டும் இருக்கிறது. கீழே ‘முஸ்லிம்’ என்று இன்னொரு எண். எங்கள் பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணுகிறார்களா? (உம்மா ஒருவர், கீழக்கரை)

இரண்டு தடவை எண்ணவில்லை அம்மா. ஒரே பிள்ளைகளை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். இந்தக் குழப்பம் கடற்கரைப் பள்ளிகளில்தான் அதிகம், ஏனென்றால் எல்லாப் பிரிவும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருப்பது இங்கேதான்.

தமிழ்நாட்டு அரசின் எமிஸ் மாநில இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளைப் பின்பற்றுகிறது: பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி., பிறகு ஓ.சி. யுடைஸ் தேசியத் தொகுப்பு என்பதால் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்று நான்கே கட்டம். நம்முடைய பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி. மூன்றும் அங்கே ஓ.பி.சி. என்ற ஒரே பைக்குள் போகின்றன. மதச் சிறுபான்மையினர் கணக்கு அதற்கு அடுத்த அட்டவணையில் தனியாக வரும். ஆக ஒரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை மேல் அட்டவணையில் ஓ.பி.சி., கீழ் அட்டவணையில் முஸ்லிம். இரண்டு அட்டவணையையும் கூட்டக் கூடாது. கூட்டினால் 80 பேர் பள்ளி 130 ஆகிவிடும். அப்படிக் கூட்டி எழுதிய துண்டறிக்கையை ஊருக்குள் பார்த்தால் நம்பாதீர்கள்.

மாநிலப் பட்டியலில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகியோர் பி.சி. முஸ்லிம். இந்தப் பிரிவுக்கு இருப்பது 3.5 சதவீத ஒதுக்கீடு. மீனவர் சமூகங்களில் பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் ஆகியோர், கிறித்தவராக மாறியவர்கள் உட்பட, எம்.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே ஒரே தெருவில் இரண்டு மீனவக் குடும்பம், ஒன்று கிறித்தவம், ஒன்று இந்து என்றாலும் எமிஸில் இரண்டு பிள்ளையும் எம்.பி.சி.தான். பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தின் பிள்ளைக்கு நிலைமை வேறு. மாநிலத்தில் அவர்கள் பி.சி. இதைத் தெரியாமல் பெரியப்பா பிள்ளையின் சான்றிதழைப் பார்த்து எஸ்.சி. என்று பதிந்துவிட்டால், பின்னால் வாங்கும் சாதிச் சான்றிதழும் பள்ளிப் பதிவும் இடிக்கும். உதவித்தொகை நிற்கும் இடம் அதுதான்.

இன்னொரு நுணுக்கம் ராமநாதபுரம் கடற்கரைக்கே உரியது. 2021-ல் ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தில், கடையர் சமூகத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் வாழும் கடையர்கள் அந்தப் பெயருக்குள் வரவில்லை, பழைய பெயரிலேயே பட்டியல் சாதியாகத் தொடர்கிறார்கள். எமிஸில் பெயர் தேர்வு செய்யும்போது உள்நாட்டுக் கிராமத்துக்குச் செய்தது போலவே கடற்கரைக்கும் செய்துவிட்டால் பிழை. பள்ளியின் மொத்த எஸ்.சி. எண்ணிக்கை மாறாது, பிள்ளையின் தனிப்பட்ட ஆவணம் மாறும்.

திருத்தம் எப்படி? தொடக்கப் பள்ளியிலேயே செய்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சாதிச் சான்றிதழ் வாங்கி, நகலோடு தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தால் எமிஸிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் ஒருசேர மாற்றச் சொல்லலாம். பதிவேட்டில் பழைய வரியை அடித்து, பக்கத்தில் புதியதை எழுதி, ஆதார ஆவணத்தின் எண்ணையும் தேதியையும் குறித்து, தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டால்தான் அது திருத்தம். வெள்ளை மை பூசி மேலே எழுதியிருந்தால் பத்தாம் வகுப்பில் சந்தேகம் கிளம்பும்.

சாதி, மதம் சொல்ல விருப்பமில்லாத பெற்றோர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம். 1973-லேயே அரசாணை உண்டு. சான்றிதழ் இல்லாமல் பின்னால் ஒதுக்கீடு கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு விடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குக் குடும்பத்தோடு மூன்று மாதம் வெளியூர் போவோம். மூன்றாம் வகுப்புப் பையனின் பெயரைப் பள்ளியில் அடித்துவிடுவார்களா? டி.சி. வாங்கிக்கொண்டு போவதா? (வாசகி, சாயல்குடி அருகில்)

வாடைக்காற்று நேரத்தில் கரைவலைக்கு இடம் மாறும் குடும்பங்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு மாதத்துக்குள் திரும்புவதாக இருந்தால் டி.சி. வேண்டாம். போகும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்: எங்கே போகிறோம், எப்போது வருவோம், அம்மாவின் கைபேசி எண். இது இல்லாமல் பிள்ளை தொடர்ந்து 30 பள்ளி வேலை நாள் வராவிட்டால் அவனை இடைநின்றவனாகப் பார்க்கத் தொடங்குவார்கள். வீடு தேடி வருவார்கள், வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ‘எங்கேயோ போய்ட்டாக’ என்பார். பிள்ளை ‘இடம் தெரியாதவர்’ பட்டியலுக்குப் போகும்.

மூன்று மாதம் என்றால் போகும் ஊரில் சேர்ப்பதே சரி. தொடக்க வகுப்புகளுக்கு மூன்று பருவப் பாடநூல் முறை. ஜூன், அக்டோபர், ஜனவரி என்று பருவம் தொடங்குகிறது. பருவ இடைவெளியில் கிளம்பினால் புதிய பள்ளியில் புத்தகத்தோடு தொடங்கலாம். நடுவில் போனால் கையில் இருக்கிற பருவப் புத்தகத்தைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், புதிய பள்ளியில் உபரி இருக்காது.

டி.சி. கைக்கு வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அது. ‘சேர்க்கை முடிந்துவிட்டது’ என்றும் சொல்ல முடியாது, 15-ஆம் பிரிவு. வாய்மொழியாகச் சட்டம் பேசினால் கோபம்தான் மிஞ்சும். பையனின் எமிஸ் எண்ணையும், யுடைஸில் உள்ள ‘பென்’ எனப்படும் நிரந்தரக் கல்வி எண்ணையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்த இரண்டு எண் இருந்தால் புதிய பள்ளியின் பாதி வேலை முடிந்தது. பழைய பள்ளிக்கு ஒரு போன் போட்டுப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கச் சொன்னால் மீதி. திரும்பி வரும்போதும் இதே முறை.

இதில் பழைய பள்ளிக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஜூலையில் நான்கு குடும்பம் கிளம்பினால் ஆகஸ்ட் 1 கணக்கில் ஏழெட்டுப் பெயர் குறையும். அதனால்தான் சில இடங்களில் ‘பெயர் இங்கேயே இருக்கட்டும், பையன் அங்கே உட்காரட்டும்’ என்பார்கள். ஏற்காதீர்கள். பெயர் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்றால் புத்தகம், சீருடை, காலை உணவு எதிலும் அந்தப் பிள்ளை கணக்கில் வராது.

கேள்வி: எங்கள் பள்ளியில் 46 பேரில் 28 பேர் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டதா? (வாசகர், மோர்ப்பண்ணை)

இல்லை. பையன்கள் தனியார் பள்ளி வேனில் போகிறார்கள். ஒரு வீட்டில் கட்டணம் கட்ட ஒரு பிள்ளைக்குத்தான் முடியும் என்றால் பல வீடுகளில் அந்தப் பிள்ளை ஆண். சந்தேகம் இருந்தால் ஊரில் 5 முதல் 10 வயது வரை உள்ள மொத்தப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள், இரு பாலும் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும்.

சின்னப் பள்ளியில் சதவீதத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள். 46 பேரில் மூன்று பெண் பிள்ளைகள் உள்ள ஒரே ஒரு குடும்பம் ஊர் மாறினால் சேர்க்கை 6.5 சதவீதம் ‘சரிந்தது’ என்று தாளில் வரும். நூறு பேருக்குக் குறைவான பள்ளிக்கு எண்ணிக்கையைச் சொல்லுங்கள், சதவீதத்தை விடுங்கள்.

கேள்வி: ஒருகாலத்தில் 150 பிள்ளைகள் படித்த பள்ளியில் இன்று 50 பேர். ஆசிரியர்கள் சரியில்லை என்கிறது ஊர். பிள்ளையே இல்லை என்கிறது பள்ளி. எப்படித் தீர்ப்பது? (பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, தொண்டி அருகில்)

கணக்குப் போட்டுத் தீர்க்கலாம், சண்டை போட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் பேருக்கு 20-க்கு மேல். 2020-ல் ஏறக்குறைய 14. ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. 1,500 பேர் உள்ள ஊர் என்று வையுங்கள். அன்று வருஷத்துக்கு 30 பிறப்பு, ஐந்து வகுப்புக்கு 150 பிள்ளைகள். இன்று 20 பிறப்பு, ஐந்து வகுப்புக்கு 100. ஆக 150-லிருந்து 100-க்கு இறங்கியதற்குப் பள்ளி பொறுப்பல்ல. 100-லிருந்து 50-க்கு இறங்கியதை மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஊரின் உண்மையான எண்ணுக்கு அங்கன்வாடிப் பதிவேட்டில் தொடங்குங்கள். 0 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பெயர் பிறந்த தேதியோடு அங்கே இருக்கும். அடுத்து, பள்ளியில் ஆண்டுதோறும் எடுக்கும் குடியிருப்புக் கணக்கெடுப்பு. இரண்டையும் வைத்துத் தெருவாரியாக ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: பிள்ளை பெயர், பிறந்த ஆண்டு, இப்போது படிக்கும் பள்ளி, எந்த வகுப்பில் மாறியது. கடைசிக் கட்டம்தான் பேசும். முதல் வகுப்புக்கே வராமல் எல்.கே.ஜி.யிலேயே வேன் ஏறியவர்கள் அதிகம் என்றால், குறை பாடத்தில் இல்லை, ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆங்கில வழி மழலை வகுப்பு இல்லாததில் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் மாறியவர்கள் அதிகம் என்றால் பள்ளிக்குள்ளே பாருங்கள்: எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா, ஆசிரியர் எத்தனை நாள் வெளிப்பணியில் போனார். நான்காம் வகுப்பில் மாறினால், பெற்றோர் ஆறாம் வகுப்புக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே நகர்த்துகிறார்கள்.

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தில் அரசுச் செலவில் சேர்ந்தவர்களைத் தனியே குறியுங்கள். அவர்கள் கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அல்ல, இல்லாவிட்டால் உங்கள் பள்ளிக்கு வந்திருக்க வேண்டியவர்கள்.

இந்த நோட்டு கையில் இருந்தால் சேர்க்கைப் பிரசாரத்துக்குத் தெருத் தெருவாக மேளம் அடிக்க வேண்டாம். நேராக எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரியும். எப்போது போவது என்பதற்குக் கடற்கரைக்கு ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வேன் கட்டணத்தை முடிவு செய்பவர் வீட்டில் இருக்கும் காலம் இதுதான், ஆனால் கையில் காசு இல்லாத காலமும் இதுதான். மே மாதமே பேசிவிடுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை, அவர்களை மாலையில்தான் பிடிக்க முடியும். சேர்க்கையை மார்ச் முதல் தேதியிலேயே தொடங்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. மார்ச்சில் பெயர் கொடுத்துவிட்டு ஜூனில் வராதவர்களையும் ஒரு கண் பாருங்கள்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-லிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அது வருகையை நன்றாகத் தாங்கும். விடியுமுன் மீன் ஏலத்துக்கோ, பாசி எடுக்கவோ கிளம்பும் அம்மாக்கள் உள்ள ஊரில் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேனில் போகும் பிள்ளையை அது மட்டும் திருப்பிக் கொண்டுவரும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, ஆதாரும் எடுக்கவில்லை. முதல் வகுப்பில் சேர்க்க முடியுமா? (வாசகி, பெரியபட்டினம்)

முடியும். 5 வயது நிறைந்திருந்தால் போதும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது (14-ஆம் பிரிவு). பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. சேர்த்துவிட்டு, ஆவணத்தைப் பின்னால் சரி செய்யுங்கள். பெயர் சேர்ப்பதற்குப் பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பதிவாகி 15 ஆண்டு வரை சேர்க்கலாம், முதல் ஓராண்டுக்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. பள்ளியில் ஒரு எழுத்துக்கூட்டல், சான்றிதழில் வேறு என்று ஆகாமல், சேர்க்கைப் படிவத்தில் எழுதிய அதே எழுத்தில் அங்கேயும் சேருங்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பல தேவைகளுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அவர்கள் முதல் வகுப்புக்கு வர இன்னும் காலம் இருக்கிறது, இப்போதே பெயரைச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் பிள்ளைகள் ஆசிரியர் நிர்ணயக் கணக்கில் வருவார்களா? (வாசகர், மண்டபம்)

வருவார்கள். சட்டத்தில் ‘ஒவ்வொரு குழந்தையும்’ என்றுதான் இருக்கிறது. முகாமுக்குப் புதிதாகக் குடும்பங்கள் வரும் சமயத்தில் பக்கத்துப் பள்ளியின் கணக்கு வருஷ நடுவில் ஏறும். அப்போது ஆகஸ்ட் 1 நிலவரம் கைகொடுக்காது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் மாற்றுப் பணியில் ஆசிரியர் கேட்டு, வகுப்புவாரிப் பட்டியலோடு எழுத வேண்டும். முகாமில் தரும் அடையாள அட்டையின் நகல் சேர்க்கைக்குப் போதும். முன்பு எந்த வகுப்பு என்ற தாள் இல்லாவிட்டால் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், எல்லோரையும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது.

கேள்வி: காது சரியாகக் கேட்காத பிள்ளையை மாற்றுத்திறனாளி என்று பதிந்தால் பள்ளியில் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (தாய், ஏர்வாடி)

பதியாவிட்டால்தான் நஷ்டம் அம்மா. 2016 சட்டப்படி 21 வகைக் குறைபாடுகள் அங்கீகரிக்கப்பட்டவை, செவித்திறன் குறைவு அதில் ஒன்று. பட்டியலில் ஏறினால்தான் வட்டார வள மையத்தின் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அழைப்பு வரும். காதொலிக் கருவி, சிறப்பாசிரியரின் வருகை எல்லாம் அதன் பின்னாலேதான். இந்தத் தகவல் பள்ளி அறிக்கையில் எண்ணாக மட்டுமே போகும், பெயர் வெளியே தெரியாது. வகுப்பில் முன்வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள். கருவி வரும்வரை காத்திருக்க வேண்டிய காரியம் இல்லை அது.

கேள்வி: எங்கள் பள்ளியின் பத்து ஆண்டு மாணவர் எண்ணிக்கையை ஆர்.டி.ஐ. மூலம் கேட்டேன். ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மறுத்துவிட்டார்கள். (வாசகர், உச்சிப்புளி)

கேள்வி கேட்ட விதத்தில் சிக்கல் இருக்கலாம். ‘மாணவர் பட்டியல்’ என்று கேட்டால் பிள்ளைகளின் பெயரும் சாதியும் வெளியே போகும். மறுப்பது சரியே. எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்.

மனுவை ‘பொதுத் தகவல் அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகம்’ என்று உங்கள் ஒன்றியத்துக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். பள்ளியின் பெயரோடு 11 இலக்க யுடைஸ் எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். தமிழ்நாட்டுக்கு 33, ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 27 என்பதால் நம் பள்ளிகளின் எண் 3327 என்று தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் ஒன்றியம், பிறகு மூன்று ஊர், கடைசி இரண்டு பள்ளி. ஒரே ஊரில் இரண்டு மூன்று தொடக்கப் பள்ளி இருக்கும் கீழக்கரை, பாம்பன் போன்ற இடங்களில் எண் இல்லாமல் கேட்டால் வேறு பள்ளியின் கணக்கு வந்து சேரும்.

கேள்வியை இப்படி வையுங்கள்: ‘இந்தக் கல்வி ஆண்டு முதல் இந்தக் கல்வி ஆண்டு வரை, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி, 1 முதல் 5 வரை வகுப்புவாரியாக ஆண், பெண் எண்ணிக்கை, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம், பணியில் இருந்தவர் எண்ணிக்கை.’ ‘ஏன் குறைந்தது?’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள், காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. சமூகவாரிக் கணக்கும் வேண்டும் என்றால் பள்ளி மொத்தத்துக்கு மட்டும் கேளுங்கள். ஒரு வகுப்பில் எஸ்.டி. 1 என்று வந்தால் அது எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுதலாம். முதல் மனுவின் நகல், அஞ்சல் ரசீது இரண்டையும் இணையுங்கள்.